அட்மிஷன் கடிதத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு: வெளிநாட்டு மேற்படிப்புக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். இடம் கிடைத்த பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். பயணச்சீட்டு எடுக்கும் வேளையில்தான் அந்த ஊரில் எப்படி வாழப்போகிறோம் என்ற கவலை வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. எத்தனை ஆண்டு, எந்த வருமானத்தில், யாருடன் வாழப்போகிறோம் என்பதை முதலில் தாளில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்தும் துறைகளை மட்டும் தேடினால், விண்ணப்பங்களின் எண்ணிக்கை குறையும். வருகிற அட்மிஷன் ஒவ்வொன்றும் நீங்கள் உண்மையாகவே ஏற்கக்கூடியதாக இருக்கும்.

பணம் எங்கிருந்து வரும் என்பது நீங்கள் எந்தப் பட்டத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் பல துறைகளில் இளங்கலை முடித்த கையோடு முனைவர் பட்டத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அப்படிச் சேர்பவர்களுக்குக் கல்விக்கட்டண விலக்கும், கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கான ஸ்டைபண்டும், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான உதவிப்பணமும், கிடைப்பது வழக்கம். அதே துறையின் முதுகலைப் படிப்புக்கோ பெரும்பாலும் மாணவரே கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே ஆய்வில் உறுதியான நாட்டம் உள்ளவர்கள், முனைவர் பட்டம் நமக்குக் கிடைக்காது என்று தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டு முதுகலைக்கு மட்டும் விண்ணப்பிப்பது பல நேரங்களில் கடனைத் தேடிப் போவதாக முடிகிறது. ஆனால் ஸ்டைபண்ட் வருகிறது என்பதற்காக மட்டும் ஐந்தாறு ஆண்டு ஆய்வில் இறங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மனம் ஒட்டாத ஆய்வை அத்தனை காலம் இழுத்துச் செல்வது கடன் கட்டுவதைவிடக் கடினம்.

ஜெர்மனியில் கணக்கு வேறு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். முடக்கப்பட்ட கணக்கு எனப்படும் சிறப்பு வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு வைக்க வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. இது செலவாகிவிடும் பணம் அன்று, மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும் பணம். ஆனாலும் புறப்படுமுன் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும் என்பதால் பலருக்கு இதுவே முதல் தடை. அங்கே முனைவர் ஆய்வுக்குப் பொதுவாக முதுகலைப் பட்டம் தேவை. பல இடங்களில் ஆய்வு மாணவர் ஒப்பந்த ஊழியராகவே அமர்த்தப்படுகிறார். பிரிட்டனில் முழுநேர முதுகலை பெரும்பாலும் ஓராண்டில் முடிவதால், கட்டணம் அதிகமாகத் தெரிந்தாலும் இரண்டாம் ஆண்டின் வாடகையும் உணவுச் செலவும் இல்லாமல் போகிறது. கட்டணத்தை மட்டும் ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பிரிட்டனின் செவ்னிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஜெர்மனியின் டாட், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் போன்ற உதவித்தொகைகளை நம்புபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அவற்றுக்கென்று தனி நாள்காட்டி இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உதவித்தொகையின் தேதி கடந்துபோயிருக்கும். நிபந்தனைகளையும் விண்ணப்பிக்கும் முன்பே படியுங்கள். செவ்னிங் பெறுவதற்கு 2 ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 ஆண்டு இருக்க வேண்டும். ஃபுல்பிரைட் மாணவர்களுக்கும் ஜே-1 எனப்படும் பரிமாற்றத் திட்ட விசாவின் வழியாக இத்தகைய 2 ஆண்டு நிபந்தனை உண்டு. படித்து முடித்ததும் அங்கேயே வேலை தேட நினைப்பவருக்கு இது சிறிய விஷயம் அன்று.

காலக்கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். அமெரிக்க முனைவர் பட்ட விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் மாதமோ ஜனவரித் தொடக்கமோ கடைசி நாள். அப்படியென்றால் பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியர்களைச் செப்டம்பரிலேயே அணுக வேண்டும். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் 2 ஆண்டும், மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வான ஜிஆர்இ-யின் மதிப்பெண் 5 ஆண்டும் செல்லும். ஜிஆர்இ தேவையில்லை என்று பல துறைகள் அறிவித்துவிட்டன. எனவே பட்டியலை முடிவு செய்யாமல் அந்தத் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் கேளுங்கள். கட்டிய பணம் திரும்பி வருவது அரிது.

நோக்க அறிக்கையில், அதாவது எல்லாரும் எஸ்ஓபி என்று சொல்லும் அந்த இரண்டு பக்கத்தில், மாணவர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்றுதான்: தங்களைப் பற்றி எழுதுகிறார்கள், தங்கள் வேலையைப் பற்றி எழுதுவதில்லை. நான் படித்துத் திருத்தித் தந்த ஓர் அறிக்கை, 'சிறு வயதிலிருந்தே நீர் வளம் குறித்து எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு' என்று தொடங்கியது. அதை எழுதியவரிடம் பேசிப் பார்த்தபோதுதான், அவர் தன் இறுதியாண்டுத் திட்டப்பணியில் 3 கிணறுகளின் உப்புத்தன்மையை 8 மாதம் அளந்திருக்கிறார் என்பதும், அவற்றில் ஒரு கிணறு மட்டும் மழைக்குப் பிறகு எதிர்பார்த்ததற்கு மாறாக உப்பு கூடிக் காட்டியது என்பதும், அதற்கான காரணம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதும் தெரியவந்தது. அந்த ஒரு கிணற்றையே முதல் பத்தியாக வைக்கச் சொன்னேன். விடை தெரியாத ஒரு கேள்வி, அதைத் துரத்துவதற்கு இதுவரை செய்தது, இனிச் செய்ய வேண்டியதற்கு இந்தத் துறையில் யாருடைய உதவி தேவை: இவை மூன்றும் இருந்தால் ஆர்வம் உண்டு என்று தனியே எழுதத் தேவையில்லை.

பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து எழுந்த ஒரு கேள்வி, உங்கள் பின்னணி குறித்து இரண்டு வரி, வரும் ஆண்டில் புதிய மாணவர்களை எடுக்கிறாரா என்ற விசாரிப்பு. இதற்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை, உங்களை நன்றாக அறிந்த இளம் ஆசிரியரின் விவரமான கடிதம், பெயர் மட்டும் தெரிந்த துறைத்தலைவரின் நான்கு வரியைவிடப் பல மடங்கு உதவும்.

இனி, பணம் பற்றிய கடிதம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இது வந்து சேரும்போது வீட்டில் எல்லாரும் மகிழ்ச்சியில் இருப்பார்கள். மகிழ்ந்துவிட்டு, அன்று இரவே பேனாவும் தாளும் எடுத்து உட்காருங்கள். எடுத்துக்காட்டாக, கடிதத்தில் 27,000 டாலர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கடுத்த வரியில் '9 மாதக் கல்வியாண்டுக்கு' என்று இருக்கும். 9 ஆல் வகுத்தால் மாதம் 3,000. ஆனால் உங்களுக்கு 12 மாதமும் பசிக்கும். 12 ஆல் வகுத்தால் 2,250. கல்விக்கட்டணம்தான் விலக்கு, மாணவர் கட்டணம் என்ற பெயரில் செமஸ்டருக்கு 900 தனியே கட்ட வேண்டும் என்று இன்னொரு பக்கத்தில் இருந்தால், ஆண்டுக்கு 1,800, மாதத்துக்கு 150 போய்விடும். மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு ஆண்டுக்கு 1,200 என்றால் மாதத்துக்கு இன்னும் 100. மீதி 2,000. வரி இன்னும் கழிக்கவில்லை. வேலைக்கான ஊதியமாக இல்லாமல் ஃபெல்லோஷிப்பாக வரும் தொகையில், கல்விக்கட்டணம் போன்றவை நீங்கலாக, அமெரிக்காவில் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவரிடம் பொதுவாக 14 சதவீதம் வரி பிடிப்பார்கள்; வரி ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு இது மாறலாம். கடிதத்தின் முதல் வரியில் பார்த்த மாதம் 3,000 என்பது மறைந்துவிட்டது.

ஆகவே துறைக்கு எழுதிக் கேட்க வேண்டியவை இவை: எத்தனை ஆண்டுக்கு இந்த உதவி உறுதி, அந்த உறுதி கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா, கோடையில் ஊதியம் எங்கிருந்து வரும், பணம் ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வருகிறது என்றால், அந்த நிதி நின்றாலோ அவர் வேறு இடத்துக்குப் போனாலோ துறை பொறுப்பேற்குமா. கடைசிக் கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம். நல்ல துறைகள் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம், 'கோடையில் உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்' என்று நேராகக் கேட்டால் அரைமணி நேரப் பேச்சில் உண்மை வெளிவந்துவிடும்.

உடனே பதில் சொல் என்று நெருக்குபவர்களும் உண்டு. மேற்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான, அமெரிக்காவின் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் தீர்மானம் ஒன்று இருக்கிறது: நிதியுதவியுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதிலளிக்க வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியல் வெளிப்படையாகவே கிடைக்கிறது. உங்களை அழைத்த பல்கலைக்கழகம் அதில் இருந்து, மார்ச் முதல் வாரத்திலேயே முடிவு கேட்டால், அந்தத் தீர்மானத்தைக் குறிப்பிட்டு அவகாசம் வேண்டிப் பணிவாக எழுதலாம். நிதியுதவி இல்லாத அட்மிஷனுக்கு இது பொருந்தாது. அங்கே முன்பணத்துக்கான தேதியைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் வாங்கி முதுகலை படிப்பவர்கள், வேலை கிடைத்தால் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். படிப்புக் காலத்தில் வட்டி ஏறுகிறதா, தவணை எந்த மாதம் தொடங்குகிறது, யார் பிணை நிற்கிறார்கள், எந்தச் சொத்து அடமானம் என்பவற்றை எழுதிவைத்து, படிப்பு முடிந்து 6 மாதம் வேலையில்லாமல் இருந்தாலும், சொந்த நாட்டுச் சம்பளத்தில் திருப்பிக் கட்ட நேர்ந்தாலும் குடும்பம் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் ஓராண்டு தள்ளிப்போட்டு உதவித்தொகைக்கு முயல்வதில் எந்த இழிவும் இல்லை. பகுதிநேர வேலை இந்தப் பள்ளத்தை நிரப்பாது. அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த வேலையும் முதல் செமஸ்டரில் கிடைக்கும் என்று உறுதியில்லை.

ஊர் மாறும் முடிவில் தரவரிசைக்குக் கொடுக்கும் இடத்தை நெறியாளருக்கும் வாடகைக்கும் கொடுங்கள். ஐந்து ஆண்டு தினமும் உங்களைப் பாதிக்கப்போவது அவ்விரண்டும்தான். துணைவருடன் செல்ல நினைப்பவர்கள் விசா விதியை முதலில் பார்க்க வேண்டும்: அமெரிக்காவில் எஃப்-1 மாணவரின் துணைவராக எஃப்-2 விசாவில் வருபவர் வேலை செய்ய முடியாது, ஜே-1 மாணவரின் துணைவராக ஜே-2 விசாவில் வருபவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், வகுப்புவழி முதுகலை படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பத்தை உடனழைத்துச் செல்ல முடியாது. வேலையை விட்டுவிட்டு உடன் வரும் ஒருவர், அயல்நாட்டில் நாளெல்லாம் தனியறையில் இருப்பது இருவருக்குமே பாரம். இதை விண்ணப்பிக்கும் முன்பே இருவரும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சும் அப்படியே. உடன்பிறந்தவரிடம் 'நீ பார்த்துக்கொள்' என்று விமான நிலையத்தில் சொல்வது பேச்சாகாது.

முடிவெடுத்ததும் மற்ற இடங்களுக்கு அன்றே மறுப்பு எழுதுங்கள். உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் இருக்கிறார். பிறகு, அமெரிக்கா செல்பவர்கள் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவத்தைக் கேட்டு வாங்கி, அயல்நாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் செலுத்தி, விசா நேர்காணலுக்குத் தேதி எடுக்க வேண்டும். ஐ-20-இல் உள்ள தொடக்க நாளுக்கு 30 நாளுக்கும் மேல் முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினால் முதல் ஸ்டைபண்ட் செப்டம்பர் இறுதியில் வரக்கூடும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, படுக்கை, பாத்திரம் எல்லாம் வாங்கியாக வேண்டும். இந்த ஆறு வாரப் பணம் எந்த நிதியுதவிக் கடிதத்திலும் இருக்காது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே துறை அலுவலகத்துக்கு எழுதி, முன்கூட்டியே தரும் தொகையோ குறுகிய காலக் கடனோ உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் உண்டு, ஆனால் கேட்பவருக்குத்தான் சொல்கிறார்கள். பாஸ்போர்ட், ஐ-20, நிதியுதவிக் கடிதம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் குடிவரவு அதிகாரி கேட்கும்போது அந்தப் பெட்டி உங்களிடம் இருக்காது.