திருகோணமலைக் கடலில் திமிங்கிலத்தைப் படம் எடுக்க 600 மி.மீ. லென்ஸ் தேவையில்லை

உங்களிடம் இருப்பது ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சர் உள்ள) கமரா என்றால், திமிங்கிலம் எடுப்பதற்காக 150-600 லென்ஸுக்குக் காசைக் கொட்டாதீர்கள். 70-300 சூம் தாராளம். திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களுக்கும் அதுவே போதும்.

அந்தக் கமராவில் 100 மீட்டர் தள்ளி 600 மி.மீ.க்குள் அடங்குவது ஏறக்குறைய 4 மீட்டர் அகலம்தான். நீலத்திமிங்கிலத்தின் வாலே 6 மீட்டர் அளவுக்கு விரியும், பாதியில் வெட்டுப்பட்டுப் போகும். 300 மி.மீ.இல் 8 மீட்டர் வரை கிடைப்பதால், நுனியில் வழியும் தண்ணீரோடு வால் முழுதாக விழும். ஆடுகிற படகில் இரண்டு கிலோ லென்ஸைத் தூக்கி, அது மூச்சுவிட்ட இடத்தைத் தேடுவதற்குள் திமிங்கிலம் அமிழ்ந்துவிடும். ஷட்டர் வேகத்தை மட்டும் 1/1000 செக்கனுக்குக் கீழே இறக்காதீர்கள்.

கோணேசர் மலையில் நின்று தூரக் கடலை எடுப்பவருக்கும், களப்புப் பறவைகளின் பின்னால் அலைபவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு 600 வேண்டும்தான்.