உண்டியல் எண்ண வரும் புதியவருக்கு

கோயில் உண்டியல் எண்ண முதல்முறை வருகிறீர்களா? பை இல்லாத சட்டையோடு வாருங்கள். போன், மோதிரம் வீட்டிலேயே இருக்கட்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்கு வரும்போது வண்டிகளில் உண்டியல்களும் கூடவே வரும். என் கைக்கு அதிகம் வருவது கசங்கிய 10 ரூபாய்த் தாள்கள்தான். மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக்கடன் காசும் கிடக்கும். அந்த முடிச்சைத் தனியாக அவிழ்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்க அவிழுங்கள். யாரோ ஒரு தாய் வேண்டிக்கொண்டு முடிந்தது அது. நகை கிடைத்தால் உடனே அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

ஒருமுறை எண்ணி முடித்து டீக்கடையில் உட்கார்ந்தேன். வேட்டி மடிப்பிலிருந்து 5 ரூபாய் நாணயம் விழுந்தது. திரும்பப் போய்க் கொடுத்தேன்; கணக்கைத் திருத்தினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம், எழுந்ததும் எல்லார் முன்னாலும் வேட்டியை உதறிவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீங்களும் உதறுங்கள்.