தொலைதூரப் பெருநகரத்துக்கு முதல் குறும்பயணம்: குறைந்த செலவில் திட்டமிடுவது எப்படி

மூன்று நான்கு நாள்தான் லீவு, கையில் இருப்பதும் அளவான பணம்தான், ஆனாலும் லண்டனோ டோக்கியோவோ நியூயார்க்கோ ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னென்ன இடங்களைப் பார்க்கலாம் என்ற பட்டியல் இதில் இல்லை, அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதைக் கடைசிவரை தொடாமல் விடலாம் என்ற வரிசையைத்தான் சொல்லப் போகிறேன். பாஸ்போர்ட் எடுப்பது, கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தேதி

ஊரை முடிவு செய்தவுடன் அந்த ஊரின் விடுமுறை நாட்காட்டியைப் பாருங்கள். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை, சீனாவில் அக்டோபர் முதல் வாரம் அப்படி. அந்த நாட்களில் ரயிலும் அறையும் கிடைப்பதே சிரமம், கிடைத்தாலும் விலை எங்கேயோ இருக்கும். பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும் வாரங்களிலும் இதே கதைதான்.

அப்புறம் பாஸ்போர்ட்டின் காலாவதி தேதி. இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் பாக்கி இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்ப வராத எதையும் வாங்காதீர்கள்.

படி 2: டிக்கெட் (இங்கேதான் நிறைய நேரம் உட்கார வேண்டும்)

எனக்கு முதலில் தடுக்கிய இடம் இது. தேடல் பக்கத்தில் மலிவாக மேலே நிற்கும் டிக்கெட்டைப் பார்த்ததும் கை தானாகவே அதை அழுத்தப் போகும். கொஞ்சம் பொறுங்கள். குறும்பயணத்தில் டிக்கெட் விலையைத் தனியாகப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. எந்த விமான நிலையம், எத்தனை மணிக்கு இறங்குகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விலை.

பெரிய ஊர்களுக்கு ஒரே விமான நிலையம் இருப்பது அபூர்வம். டோக்கியோவில் ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம், நரிட்டா ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி. லண்டன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன, ஹீத்ரோவும் லண்டன் சிட்டியும் பரவாயில்லை, ஸ்டான்ஸ்டெட் ரொம்ப தூரம். பாரிஸ் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் விமான நிலையம் இன்னும் மோசம், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் வரும். இஸ்தான்புல்லில் ஒன்று ஐரோப்பியக் கரையில், இன்னொன்று ஆசியக் கரையில். ஆகவே டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் படிக்காதீர்கள், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் படியுங்கள், அதை மேப்பில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கடைசி ரயில். நியூயார்க் சப்வே (சுரங்க ரயில்) 24 மணி நேரமும் ஓடும். டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிட்டு, காலை ஐந்து மணி வாக்கில்தான் மறுபடி தொடங்கும். லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சில தடங்களில் மட்டும், ராத்திரி முழுக்க ஓடும். இப்போது இரவு 10.40-க்கு நரிட்டாவில் இறங்கும் ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். குடியேற்ற வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பது எல்லாம் முடிந்து வெளியே வரும்போது 11.40 ஆகிவிட்டால், நகரத்துக்கான கடைசி ரயில் பெரும்பாலும் போயிருக்கும். மிச்சம் இருப்பது 60 கிலோமீட்டர் டாக்சி, இல்லையென்றால் விமான நிலைய நாற்காலி. திரும்பும் விமானம் காலை 6 மணிக்கு என்றால் 4 மணிக்கே அங்கே நிற்க வேண்டும், அப்படியென்றால் கடைசி ராத்திரிக்குக் காசு கொடுத்த அறையில் பாதி ராத்திரிகூடத் தூங்க முடியாது.

இதற்கு நான் ஒரு கணக்கு போடுகிறேன். எந்த ஆப்பும் இதைச் செய்து தருவதில்லை, ஒரு காகிதம் போதும். காலை 8 முதல் இரவு 10 வரை ஊருக்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். முதல் டிக்கெட், வெள்ளி மதியம் 2-க்கு இறங்கி, திங்கள் இரவு 10-க்குக் கிளம்புகிறது. வெள்ளி மாலை 5-க்கு அறைக்குப் போய்ச் சேர்ந்தால் அன்று 5 மணி நேரம், சனி 14, ஞாயிறு 14, திங்கள் மாலை 6-க்கு ஊரைவிட்டுக் கிளம்பினால் 10. மொத்தம் 43. இரண்டாவது டிக்கெட், வெள்ளி இரவு 10.40-க்கு இறங்கி, திங்கள் காலை 6-க்குக் கிளம்புகிறது. சனி 14, ஞாயிறு 14, அவ்வளவுதான், 28. காலண்டரில் இரண்டுமே வெள்ளி முதல் திங்கள் வரைதான்! ஆனால் இரண்டாவதில் ஒரு முழு நாளைவிட அதிகமாகப் போய்விடுகிறது. டிக்கெட், அறை, போக்குவரத்து எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தால்தான் அந்த டிக்கெட் நியாயம். டிக்கெட் விலையோடு பெட்டிக் கட்டணம், இருக்கைக் கட்டணம், விமான நிலையத்துக்குப் போக வர ஆகும் செலவு, ராத்திரி டாக்சி எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, அந்த மொத்தத்தை ஊருக்குள் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பட்டியலில் முதலில் நின்ற டிக்கெட் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும்.

தேடுவதற்கு எனக்குக் கூகுள் ஃப்ளைட்ஸ் போதும், மாதக் காலண்டரில் விலை தெரியும், விலை இறங்கினால் மெயிலும் வரும். வாங்குவது மட்டும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில். இடைத்தரகர் தளத்தில் கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆனால் விமான நேரம் மாறும் நாளில் இவர் அவரைக் கேள் என்பார், அவர் இவரைக் கேள் என்பார்.

படி 3: அறை

ஊர் ஓரத்தில் மலிவாக அறை எடுத்தால் தினமும் போக வர இரண்டு மணி நேரம் கழிந்துவிடும், மேலே போட்ட 43-இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். அதற்காக நட்டநடு மையத்தில் எடுக்கவும் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து ரயில் மாறாமல் வரும் தடத்தில், ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடைக்குள் ஒரு சின்ன அறை போதும். நான் பார்க்கும் அளவுகோல் அதுதான். காலைச் சாப்பாடு இலவசம், நீச்சல் குளம் என்பதெல்லாம் நான்கு நாள் பயணிக்கு எதற்கு?

விலையைக் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்து ஒப்பிடுங்கள். பல ஊர்களில் சுற்றுலா வரி தனி. ஆம்ஸ்டர்டாமில் அது அறை வாடகையில் 12.5 சதவீதம். செக்-இன் பெரும்பாலும் மதியம் 3-க்குத்தான், அதற்கு முன்பே வந்தால் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு அருங்காட்சியக வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

படி 4: முன்பதிவு, முடிந்தவரை குறைவாக

நாளுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றை அலட்சியமாக விடக்கூடாது. ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்ல அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் அவர்களுடைய இணையதளத்தில் மட்டும்தான், ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய நாட்களுக்கு வெளியிடுவார்கள். வாசலில் போய் நின்றால் வேலைக்கு ஆகாது.

மூடும் நாளையும் பாருங்கள். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் மூடல், ஒர்சே அருங்காட்சியகம் திங்கள் மூடல். டோக்கியோ தேசிய அருங்காட்சியகமும் பொதுவாகத் திங்கள் மூடல். சனி முதல் திங்கள் வரை வைத்துக்கொள்ளும் குறும்பயணத்தில் இந்தத் திங்கள்தான் கழுத்தறுக்கும்.

பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் சிட்டி பாஸ் எனக்குப் பிடிக்காது. காசு கொடுத்துவிட்டோமே என்று ஓட வைக்கும். இலவசமாகவே நல்லவை நிறைய இருக்கின்றன: லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், டோக்கியோவில் ஷின்ஜுக்கு பகுதியில் இருக்கும் பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆவது மாடிக் காட்சித் தளம், நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைப் பார்த்தபடியே போகும் ஸ்டேட்டன் தீவுப் படகு.

படி 5: ஊருக்குள் போக்குவரத்தும் பணமும்

லண்டன், நியூயார்க், சிங்கப்பூர் மூன்றிலும் உங்கள் கான்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டையே ரயில் நிலையக் கதவில் தட்டிப் போகலாம், தனியாகப் பயண அட்டை தேவையில்லை. லண்டனில் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் எத்தனை முறை போனாலும் பிடிக்க மாட்டார்கள். கார்டில் பணம் கட்டும்போது “உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாமா” என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் எப்போதும் நமக்குத்தான் நஷ்டம். ஊரின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி, அறையையும் விமான நிலையத்தையும் நட்சத்திரமிட்டு வைத்துக்கொண்டால் சிம் வேலை செய்யாவிட்டாலும் வழி தெரியும்.

பின்சேர்க்கை (வந்த கேள்விகளைப் பார்த்துச் சேர்த்தது)

லண்டனில் உச்சவரம்பு வேலை செய்யவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். காலையில் கார்டால் தட்டி, மாலையில் அதே கார்டைப் போனில் வைத்துத் தட்டியிருக்கிறார். கணக்கு ஒன்றாக இருந்தாலும் கார்டும் போனும் அங்கே இரண்டு வெவ்வேறு ஆட்கள். நாள் முழுக்க ஒன்றையே பயன்படுத்துங்கள். இருவர் போனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்.

இரண்டு விமானங்களைத் தனித்தனியாக வாங்கி இணைக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வாங்கலாம், ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள்மீது எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியை வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டுமென்றால் குடியேற்றத்தைக் கடக்க வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டு விசா கேட்கலாம். அமெரிக்காவில் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், வெறுமனே விமானம் மாறுவதற்கே விசாவோ முன் அனுமதியோ வேண்டும். முதல் பயணத்துக்கு இந்த வித்தை வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் தளம் நகரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். இதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வழி மாறுகிறது, சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு எழுத்துகளைப் போடச் சொல்வார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய சாட்டில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் காட்ட உதவும்.