வளரும் பிள்ளைகளின் கதை: கொங்கு மண்ணிலிருந்து எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து இளைஞர்கள் சிறுகதை எழுத உட்கார்ந்தால் முதலில் எடுப்பது பெரும்பாலும் தங்கள் சின்ன வயதைத்தான். நல்ல தொடக்கம் அது. பத்து வயதுக்கும் பதினேழு வயதுக்கும் நடுவில்தான் ஒரு பிள்ளை, ஊர் தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அந்தத் தெரிதலை எழுதுவதற்குள் கதை எங்கெல்லாம் நழுவுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதிகம் காணப்படும் தவறு, எழுதுகிறவரின் அறிவைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுவது. தோட்டத்துச் சாளையில் வளரும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனோடு ஆடு மேய்க்க வருகிற கூட்டாளி அருந்ததியர் வீட்டுப் பையன். கூட்டாளி தண்ணீர் கேட்டால் ஆத்தா அவன் கையில் ஊற்றுவாள், சொம்பைத் தரமாட்டாள். இந்த இடம் வந்ததும் பலர், "இந்தக் கொடுமை என்று ஒழியும் என என் மனம் கொதித்தது" என்று பையனைச் சொல்ல வைத்துவிடுகிறார்கள். கொதிப்பது முப்பது வயதில் எழுத உட்கார்ந்தவரின் மனம். பையனுக்கோ அது தினமும் பார்க்கிற காட்சி. அவன் கவனிப்பதெல்லாம் கூட்டாளி குனிந்து கையைக் குவிப்பதையும், முழங்கை வழியாகத் தண்ணீர் வடிந்து டவுசர் நனைவதையும்தான். ஒருநாள் இவனுக்கும் அப்படிக் குடிக்க ஆசை வருகிறது. கையைக் குவித்து நிற்கிறான். ஆத்தா பட்டென்று கையிலேயே ஒன்று வைக்கிறாள். கதை தொடங்குவது அந்த அடியில். எதற்கு அடித்தாள் என்று அவனுக்கு முழுதாகப் புரிய வேண்டியதில்லை. படிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.

'நான்' என்று தன்மையில் எழுதுகிறவர்கள், அந்த 'நான்' எந்த வயதில் நின்று பேசுகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பத்து வயதில் நின்றும் பேசலாம், நாற்பதில் நின்றும் பேசலாம். ஒரு பத்தியில் பத்து, அடுத்த பத்தியில் நாற்பது என்று எழுதுகிறவருக்கே தெரியாமல் மாறுவதுதான் கதையைக் கெடுக்கிறது. நாற்பது வயதுக்காரர் பேசினால், அன்றைக்கு எது தெரியாது, இன்றைக்கு எது தெரியும் என்று அவர் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

இதே கதையில் இன்னொரு குழியும் இருக்கிறது. நிலமுள்ள வீட்டுப் பையன் வருத்தப்பட்டுப் பக்குவம் அடைவதற்காகவே கூட்டாளி வருகிறான், அவமானப்படுகிறான், போய்விடுகிறான். அவனுக்கென்று ஓர் ஆசையோ, பிடிவாதமோ, கேலிப்பேச்சோ கிடையாது. உண்மையில் இருவரில் விவரம் தெரிந்தவன் அவன்தான். இவனுக்குப் பத்து வயதில் உறைப்பது அவனுக்கு ஐந்து வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். அதை மனதில் வைத்து எழுதினால் இருவருக்கும் நடுவிலான ஒவ்வொரு பேச்சும் வேறு மாதிரி வந்து விழும்.

அடையாளத்தைப் பற்றிய கதை என்றதும் பாத்திரத்தை "நான் யார்?" என்று கேட்க வைப்பவர்கள் உண்டு. எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. அதை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள், அது யாரை எப்படிக் கூப்பிடப் பழக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டினாலே போதும். கொங்குப் பேச்சின் மரியாதையை வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து தீர்க்க மாட்டார்கள். அந்த மரியாதை எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைத்ததில்லை. பண்ணையத்தில் இருந்த அறுபது வயதுப் பெரியவரை வீட்டுச் சிறுவன் பேர் சொல்லி "வாடா" என்றதும், அவர் அவனை "சாமி" என்றதும் இந்த மண்ணில் நடந்ததுதான். அந்தப் பெரியவரின் பேரனும் இந்தச் சிறுவனும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் வாடா போடாதான். பொழுதோட, அதாவது சாயங்காலம், தோட்டத்துக்கு வந்தால், பெரியவர்களுக்கு முன்னால், பேரன் இவனை என்ன சொல்லிக் கூப்பிடுவான்? கூப்பிடாமலேயே பேசக் கற்றுக்கொள்கிறான். பக்கத்தில் வந்து நின்று, இவன் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, அப்புறம் பேசுகிறான். அந்தக் காத்திருப்பை இவன் என்றைக்குக் கவனிக்கிறான் என்பதை எழுதுங்கள். அதற்கு மேல் யாரும் பிரசங்கம் செய்யத் தேவைப்படாது.

வட்டார வழக்குக்கு வருவோம். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் 1942இல் வந்தது. கொங்குப் பேச்சு தமிழ்ப் புனைகதைக்குள் நுழைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆகவே ஏனுங்க, அம்மணி, ஒறம்பரை, பொடனி என்று நாலு சொல்லைத் தூவினால் மண்மணம் வந்துவிடும் என்று நம்பி இன்றைக்கு எழுதக் கூடாது. ஒரே வீட்டில்கூட எல்லாரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. "வெடியால வாறன்னு சொல்லீட்டு இத்தன நேரங் கழிச்சு வாற" என்று அமிச்சி கேட்பாள். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பேத்தி, தோழிகள் கேலி செய்ததால் பேச்சை மாற்றிக்கொண்டவள், அமிச்சிக்குப் பதில் சொல்லும்போது பழைய பேச்சு நாக்கில் வரவில்லை என்று திகைப்பாள். வழக்குச் சொல்லுக்குக் கதையில் வேலை இருப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

கொங்குப் பிள்ளைகள் எல்லாருக்கும் வீட்டுமொழி தமிழ் என்று எழுதுவதும் பிழை. தேவாங்கர் தறிவீடுகளில் கன்னடமோ தெலுங்கோ கேட்கும். அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு பேசுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். வீட்டில் ஒடியா பேசுகிற சிறுமி, அப்பாவுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் நின்று வாடகைப் பேச்சை மொழிபெயர்க்கிறாள். வீட்டுக்காரர் திட்டுகிறார். திட்டை அப்படியே அப்பாவிடம் சொல்வாளா, இல்லை கொஞ்சம் மாற்றிச் சொல்வாளா? அந்த நிமிடத்தில் வீட்டுக்குப் பெரியவள் அவள்தான். இந்தப் பிள்ளைகளின் கதைகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

காலத்தில் பிசகினால் படிக்கிறவரின் நம்பிக்கை போய்விடும். 1955இல் பவானிசாகர் அணை வந்த பிறகு கீழ்பவானி வாய்க்கால் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமல்ல, வழக்கமாக வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளும்கூட. மே மாத லீவில் கரை தொட ஓடும் தண்ணீரில் குதித்து ஆடினோம் என்று எழுதினால் கோபிசெட்டிபாளையத்துக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய, அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வருடத்தைச் சரியாகப் பிடித்தாலே அவள் கதையில் பாதி கிடைத்துவிடுகிறது.

பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ திரும்பி வந்தவர், வற்றிய கிணற்றைப் பார்த்துப் பழசை நினைப்பதாகத் தொடங்கும் கதைகள் போதும். பையன் தப்பிப் பிழைத்து நல்ல வேலைக்குப் போய்விட்டான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டால் மற்றதைப் படிக்கிறவருக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்?

பெண் பிள்ளைகளின் கதைகளில்தான் எனக்கு மிகவும் வருத்தம். பெண் வளர்கிறாள் என்றாலே வயதுக்கு வருவது, மாமன் சீர், பள்ளிக்கூடத்தை நிறுத்துவது என்ற ஒரே தடத்தில் எழுதுகிறார்கள். அல்லது நூல் மில்லில் சேர்க்கிறார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்களை மில் விடுதியில் தங்கவைத்து, பெரும்பாலும் மூன்று வருட ஒப்பந்த முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். நடுவில் வெளியேறியவர்களுக்கு அந்தப் பணம் கிடைக்காமல் போனதும் உண்டு. அந்த அநியாயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் அந்த விடுதியில் அவள் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராமல் தோழியோடு சிரித்ததும், அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திராதவள் ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் தனக்கென்று ஏதோ ஒன்று வாங்கி வந்து ஒளித்து வைத்ததும் அவள் வாழ்க்கைதானே. மூன்று வருடம் முடிந்து பணம் கைக்கு வந்தால் நர்சிங் சேரலாமா, அண்ணன் வாங்கின கடனை அடைக்கலாமா என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். எழுதுகிறவர் முதல் பக்கத்திலேயே அவளுக்காக அழ ஆரம்பித்துவிட்டால் அந்தக் கணக்கைப் போட அவளுக்குக் கதையில் இடமே இருக்காது.