எதிராளியைக் காக்க வைக்காதீர்கள்
ஆன்லைன் செஸ்ஸில் ராணி வெட்டுப்பட்டதும் சிலர் அடுத்த நகர்வே செய்யாமல், மிச்சமிருக்கும் ஏழெட்டு நிமிடத்தையும் ஓடவிட்டு எதிரே இருப்பவரைக் காக்க வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கொடிப் பொத்தானை அழுத்தித் தோல்வியை ஒப்புக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். சும்மா சும்மா டிரா கேட்பதும் இதே தொல்லைதான்.

ஆனால் மாரி மழைக்குக் கல்முனையிலோ வாழைச்சேனையிலோ கரண்ட் போய் வைஃபை அறுந்தால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும்தானே, அதனால் எதிராளி திடீரென்று காணாமல் போனால் உடனே திட்டி எழுதாதீர்கள். லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் கொஞ்ச நேரம் பொறுத்தால், வெற்றியைக் கோரவா டிராவில் முடிக்கவா என்று அதுவே கேட்கும். நட்பு ஆட்டமென்றால் நான் டிராதான் கொடுப்பேன். திரும்பி வந்துவிட்டாரா? அவருடைய கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தட்டுங்கள், அவருக்கு 15 விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.