பப்மெட்டில் தேடுவது எப்படி: ஒரு செந்தேளை வைத்துப் பார்ப்போம்

இது ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டு பிஜி (மேற்படிப்பு) மாணவர்களுக்கும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தேடல் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அடிக்க வேண்டியது ஆங்கிலத்தில்.

நோயாளி கேஷுவால்டியில் மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும்போது பப்மெட்டைத் திறக்காதீர்கள். அந்த நேரத்துக்கு வார்டு புரோட்டோகால் இருக்கிறது, சீனியர் இருக்கிறார், கல்லூரியில் சந்தா கட்டியிருந்தால் அப்டுடேட் என்ற சிகிச்சை வழிகாட்டித் தளம் இருக்கிறது. பப்மெட் அதற்கு அடுத்த கட்டம். நாம் கொடுத்தது போதுமா, காலை ரவுண்ட்ஸில் சீஃப் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கும்போதுதான் அது உதவும்.

எடுத்துக்காட்டுக்கு, செந்தேள் கொட்டிய ஒன்பது வயதுப் பையன். உடம்பெல்லாம் வியர்வை, கை கால் சில்லிட்டிருக்கிறது, நாடி ஓடுகிறது. ரத்தக்குழாயைத் தளர்த்தும் பிரசோசின் மருந்து கொடுத்தாயிற்று. தேள் விஷமுறிவு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் பயன் உண்டா?

படி 1: கேள்வியை எழுதுங்கள்

யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் பார்த்து என்று நான்கு வரி. பைக்கோ என்று பாடத்தில் படித்ததுதான். பலரும் மனசுக்குள் போட்டுக்கொண்டு தாண்டிவிடுவார்கள். தயவுசெய்து காகிதத்தில் எழுதுங்கள். முதல் வரியில் 'தேள் கொட்டியவர்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா?

1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த துனிசிய ஆய்வு உங்கள் முன் வந்து நிற்கும். 825 பேரை வைத்துச் செய்தது. விஷமுறிவு மருந்தை வழக்கமாக எல்லோருக்கும் கொடுப்பதில் பயன் இல்லை என்பது அதன் முடிவு. அடுத்து 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த அரிசோனா ஆய்வு. மொத்தம் 15 குழந்தைகள்தான். மருந்து பெற்ற 8 பேருக்கும் 4 மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தீர்ந்தன. பிளாசிபோ (போலி மருந்து) பெற்ற 7 பேரில் ஒருவருக்கு மட்டும். இரண்டும் நல்ல ஆய்வுகள், இரண்டும் நம் பையனுக்கு நேரடியாகப் பொருந்தாது. தேள் வேறு, விஷமுறிவு மருந்தும் வேறு. அரிசோனாத் தேளின் விஷம் முக்கியமாக நரம்பைத் தாக்கும். நம் செந்தேள் இதயத்தைப் படுத்தும். ஆகவே முதல் வரியில் தேளின் இனம் இருந்தே ஆக வேண்டும்.

படி 2: மறுபெயர்களைத் திரட்டுங்கள்

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்த படி இது. செந்தேளின் அறிவியல் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய கட்டுரைகளில் பூத்தஸ் டமுலஸ், பிறகு மெசோபூத்தஸ் டமுலஸ், இப்போது ஹாட்டன்டோட்டா டமுலஸ். ஒரு பெயரை மட்டும் அடித்தால் மற்றப் பெயர்களில் எழுதியவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். 'இந்தியன் ரெட் ஸ்கார்பியன்' என்று மட்டும் எழுதுபவர்களும் உண்டு.

மருந்துக்கும் இதே கதைதான். ஆன்டிவெனம் என்பார் ஒருவர், ஆன்டிவெனின் என்பார் இன்னொருவர். பப்மெட்டின் பொருள் தலைப்புப் பட்டியலான மெஷ்ஷில் 'ஆன்டிவெனின்ஸ்' என்றுதான் இருக்கிறது. மெஷ் தளத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்தால் அதிகாரபூர்வத் தலைப்பு எது, அதன் கீழே எந்தெந்தச் சொற்கள் வருகின்றன என்று தெரிந்துவிடும். தேள் கடிக்கு 'ஸ்கார்பியன் ஸ்டிங்ஸ்'.

படி 3: பெட்டிக்குள் போடுங்கள்

ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே ஆர் (அல்லது), வேறு வேறு பொருள்களுக்கு நடுவே ஆண்ட் (மற்றும்). இரண்டையும் பெரிய எழுத்தில் அடிக்கவும். ஆர் போட்ட கூட்டத்தைக் கட்டாயம் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பப்மெட் இடமிருந்து வலமாகத்தான் படிக்கும். 'பிரசோசின் ஆண்ட் மெசோபூத்தஸ் ஆர் ஹாட்டன்டோட்டா' என்று அடைப்புக்குறி இல்லாமல் போட்டால், ஹாட்டன்டோட்டா என்ற பெயர் உள்ள எல்லாக் கட்டுரைகளும் உள்ளே வந்துவிடும். விஷத்தின் புரத அமைப்பு பற்றி நாலு பக்கம் புரட்டிய பிறகுதான் என்ன நடந்தது என்றே புரியும்.

படி 4: அது என்ன புரிந்துகொண்டது என்று பாருங்கள்

பெரும்பாலோர் தொடாத இடம். தேடல் பெட்டிக்குக் கீழே அட்வான்ஸ்ட் என்று இருக்கும். அதற்குள் போனால் உங்கள் தேடல்கள் வரிசையாக இருக்கும். டீட்டெயில்ஸ் பகுதியில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால், நீங்கள் அடித்ததை பப்மெட் எப்படி விரித்துக்கொண்டது என்று காட்டும். மேற்கோள் குறி போடாத சொல்லுக்கு மெஷ் தலைப்பையும் அதுவாகவே சேர்த்துக்கொள்ளும். மேற்கோள் குறி போட்டாலோ, சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலோ சேர்க்காது. முடிவுகள் திடீரெனக் குறைந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

படி 5: வடிகட்டுங்கள்

இடப்பக்கம் ரேண்டமைஸ்ட் கன்ட்ரோல்ட் டிரையல் (குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு), சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (பல ஆய்வுகளை முறையாகத் தொகுத்த ஆய்வு) இரண்டையும் தேர்ந்தெடுத்தால் போதும். 'இலவச முழுக் கட்டுரை' வடிகட்டியை மட்டும் தொடாதீர்கள். இலவசமாகக் கிடைப்பதும் நல்ல ஆதாரமாக இருப்பதும் ஒன்றல்ல. முதலில் கட்டுரை எது என்று தெரியட்டும், எப்படிப் படிப்பது என்று அப்புறம் பார்க்கலாம். அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் நூலகரிடம் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' பற்றிக் கேளுங்கள். இதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் திட்டம் அது. 2025 ஜனவரியில் தொடங்கியது, 30 பதிப்பகங்களின் இதழ்கள் அதில் அடக்கம்.

படி 6: முடிவுரையை அல்ல, எண்களைப் படியுங்கள்

சரியாகத் தேடியிருந்தால் 2011இல் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு முன்னுக்கு வரும். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் செய்தது. செந்தேள் கடிக்குப் பிரசோசினை 1986லேயே லான்செட்டில் எழுதியவர் அவர். பெரிய ஆராய்ச்சிக் கூடம் எதுவும் பின்னால் இல்லை.

70 நோயாளிகள். பிரசோசினோடு விஷமுறிவு மருந்தும் பெற்றவர்களில் 91.4% பேருக்கு 10 மணி நேரத்தில் அறிகுறிகள் தீர்ந்தன. பிரசோசின் மட்டும் பெற்றவர்களில் 22.9%. வித்தியாசம் பெரிது. ஆனால் யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படவில்லை, முதன்மையாக அளந்தது இறப்பை அல்ல, குணமாகும் வேகத்தை. சீஃப் கேட்கப்போவதும் இதைத்தான்.

அந்தப் பக்கத்திலேயே கீழே போனால் 'சைட்டட் பை', 'சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ்' இரண்டும் இருக்கும். அந்த வழியாகத் தேடிப் போனால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளிடமே செய்து 2014இல் வெளியான ஆய்வைப் பிடிக்கலாம். அதிலும் இரண்டு மருந்தும் பெற்ற குழந்தைகள் சீக்கிரம் தேறினார்கள். நம் பையனுக்கு இதுதான் மிக நெருக்கமான ஆதாரம்.

கூகுள் ஸ்காலர் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். கட்டுரையின் பெயர் தெரிந்தால் அது அருமை. கேள்வியோடு போனால் குவியல்தான் கிடைக்கும். சாட்பாட்டிடம் மறுபெயர்களைக் கேட்டு வாங்குங்கள், அதில் தப்பில்லை. அது தரும் கட்டுரை மேற்கோளை மட்டும் பப்மெட்டில் அடித்துப் பார்க்காமல் ஜர்னல் கிளப்புக்கு (கட்டுரைகளை அலசும் கூட்டத்துக்கு) கொண்டுபோகாதீர்கள், இல்லாத கட்டுரைக்கும் பக்க எண் சொல்லும். டோஸை அதனிடம் கேட்கவே கூடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், அடுத்த நோயாளிக்குத் தேடியபோது எதுவுமே வரவில்லை என்று எழுதியிருந்தார். வடிகட்டிகளை நீங்களாக நீக்கும்வரை அவை அப்படியே இருக்கும், அடுத்த தேடலுக்கும் பொருந்தும். முடிவுகளுக்கு மேலே 'கிளியர் ஆல்' இருக்கிறதா என்று பார்த்து அழுத்திவிடுங்கள்.

இன்னொன்று: மேற்கோள் குறிக்குள் போட்ட தொடர் பப்மெட்டின் தொடர்ப் பட்டியலில் இல்லை என்றால், 'கோட்டட் ஃபிரேஸ் நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, சொற்களைத் தனித்தனியாகத் தேடித் தரும். அந்த வரி சின்னதாகத்தான் இருக்கும், கவனிக்கவும்.