கென்யாவின் அவசரநிலைக் காலத்தை வேலூரில் பேசுவதற்கு மூன்று மாலைகள்

வேலூரிலும் சுற்றுவட்ட ஊர்களிலும் வாசகர் வட்டம் நடத்துபவர்களுக்காகவும், மேல்வகுப்பு மாணவர்களுக்கு வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 1952 முதல் 1960 வரை கென்யாவில் பிரிட்டிஷ் அரசு நடத்திய அடக்குமுறையையும், அது விட்டுச்சென்ற சுமையையும் மூன்று மாலைகளில் எப்படிப் பேசலாம் என்பதே இதன் பொருள்.

முதல்முறை நான் நடத்தியபோது சித்திரவதைகளிலிருந்து தொடங்கினேன். அது பெரிய தவறு. கேட்டவர்கள் தலையைக் குனிந்தபடி அமர்ந்திருந்தார்களே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதிய விவசாயி ஒருவர், "அய்யா, நெலம் எப்படிப் போச்சு, மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து நிலத்தில்தான் தொடங்குகிறேன். துன்பத்தை மட்டும் காட்டினால் கேட்பவருக்கு இரக்கம் வரும், ஆனால் காரணம் புரியாது.

முதல் மாலைக்கு ஒரு பட்டா நகலையும் அடங்கல் நகலையும் கையோடு கொண்டுபோங்கள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் அரசுக் கணக்கில் ஒரே நாளில் புறம்போக்கு என்று எழுதப்பட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நம் பகுதியில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. கென்யாவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். 1902, 1915 ஆகிய ஆண்டுகளின் அரசு நிலச் சட்டங்கள் வாயிலாக, கிக்கூயு மக்களும் பிறரும் வாழ்ந்த நிலங்கள் ஆங்கில மன்னரின் உடைமையாயின. வளமான மேட்டுநிலம் வெள்ளைக் குடியேறிகளுக்கு 999 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. சொந்த மண்ணின் மக்கள் அங்கே கூலிக்காக மட்டும் தங்கலாம் என்றானது. குடிசைக்கு வரி போட்டார்கள், அந்த வரியைப் பணமாகக் கட்டக் கூலிக்குப் போயாகவேண்டும் என்ற நிலையை உண்டாக்கினார்கள்.

அடுத்து 'கிப்பாண்டே' பற்றிச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவரும் தன் பெயர், இனம், கைரேகை, முதலாளியின் கையொப்பம் எல்லாம் அடங்கிய தாளை ஒரு சிறு உலோகப் பெட்டியில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும் என்ற விதி அது. முதலாளி கையொப்பமிடாமல் வேலையை விட்டு விலக முடியாது. இதைச் சொன்னதும், குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் ஊர்களில் 'ரேகைச் சட்டம்' என்று அழைத்த நினைவை முதியவர்கள் யாராவது எடுத்துச் சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் 1947 வரை நீடித்த சட்டம் அது. அவர்களைப் பேச விடுங்கள், இடையில் குறுக்கிடாதீர்கள். இரண்டு சட்டங்களும் ஒன்றே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்று ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாக்கியது, மற்றது ஒரு நாட்டு ஆண்களையே கட்டிவைத்த கூலிகளாக்கியது. இரண்டிலும் மனிதனின் விரல் ரேகை ஆளுபவன் கையில் இருந்தது.

இரண்டாம் மாலை சொற்களுக்கானது. அரசு பயன்படுத்திய சொற்களைப் பலகையில் ஒரு பக்கம் எழுதி, அவற்றின் பின்னால் நடந்ததை மறுபக்கம் எழுதச் சொல்லுங்கள். 1952 அக்டோபர் 20 அன்று ஆளுநர் எவ்லின் பேரிங் அறிவித்ததை அரசு 'அவசரநிலை' என்றது. போர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. போராடியவர்கள் தங்களை நிலமும் விடுதலையும் கோரும் படை என்று அழைத்துக்கொண்டார்கள். உலகத்துக்கு 'மாவ் மாவ்' என்ற பெயர்தான் போய்ச்சேர்ந்தது, நிலம் என்ற சொல் அதில் காணாமல் போயிற்று. 'கிராமமயமாக்கல்' என்பது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிக்கூயு மக்களின் வீடுகளை அழித்து, அவர்களை 800க்கும் மேற்பட்ட முள்வேலிக் குடியிருப்புகளில் அடைத்தது. 'மறுவாழ்வு' என்பது தடுப்பு முகாம். போராட்டத்தில் சேரும்போது எடுத்த சத்தியப் பிரமாணத்தைக் கைவிட்டதாக ஒப்புக்கொள்ளும்வரை அங்கே அடியும் கட்டாய உழைப்பும் தொடரும். 'சலித்தெடுத்தல்' என்றால், கண்ணுக்கு மட்டும் துளை விட்ட கோணியைத் தலையில் மாட்டிய ஒருவர் முன் மக்களை வரிசையாக நிறுத்துவது. அவர் தலையசைத்தால் முகாம்தான். அந்த ஆட்களை மக்கள் 'ககூனியா' என்றார்கள், அதாவது சிறு கோணி. (சுவாகிலியில் கோணிப்பைக்கு 'குனியா' என்று பெயர்.)

இந்த மாலையிலேயே ஹோலா முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள், மற்றவற்றைச் சுருக்கினாலும் தவறில்லை. தானா ஆற்றங்கரையில் இருந்த அந்த முகாமில் 1959 மார்ச் 3 அன்று, வாய்க்கால் வெட்ட மறுத்த ஏறத்தாழ 85 கைதிகளைக் காவலர்கள் தடியால் அடித்தார்கள். 11 பேர் இறந்தார்கள். தண்ணீர் வண்டியிலிருந்து நீர் குடித்த பிறகு இவர்கள் இறந்தார்கள் என்றுதான் அரசின் முதல் அறிக்கை சொன்னது. அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மாணவர்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் இறந்தவர்கள் தண்ணீர் குடித்திருக்கலாம். அடித்ததைச் சொல்லாமல் தண்ணீரைச் சொன்னதுதான் பொய். பிரேதப் பரிசோதனையும் நீதி விசாரணையும் அடியால் நேர்ந்த சாவு என்று காட்டின. ஆனாலும் ஒருவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. வம்புகு வா நியிங்கி என்பவர் அன்று அடிபட்டு மயங்கி, இறந்தவர்களோடு சேர்த்துக் கிடத்தப்பட்டார். விசாரணை ஏதுமின்றி ஏறக்குறைய 9 ஆண்டுகள் அடைபட்டிருந்த அவர், அரை நூற்றாண்டுக்குப் பின் லண்டன் நீதிமன்றத்தில் வாதியாக நின்றார்.

இது கீழ்மட்டக் காவலர்களின் அத்துமீறல்தானே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அப்போது, கென்யாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ் 1957இல் ஆளுநருக்கு எழுதியதைச் சொல்லுங்கள்: பாவம் செய்வதாயின் சத்தமில்லாமல் செய்யவேண்டும் என்று எழுதினார். முகாமில் அடிப்பதற்குச் சட்ட வரம்பு வகுத்துத் தந்தவரும் அவரே.

மூன்றாம் மாலையை எண்ணிக்கையோடு தொடங்குங்கள். அந்த ஆண்டுகளில் கொல்லப்பட்ட வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். தூக்கிலிடப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 1,090 பேர். சண்டையில் மாண்ட போராளிகள் ஏறத்தாழ 11,000 பேர் என்பது அரசுக் கணக்கு. முகாம்களில் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 80,000 பேர் என்றது அரசு. பின்னால் வந்த ஆய்வாளர்களின் கணக்குகள் அதைப்போல் இரு மடங்கு, அதற்கும் மேல் என்று போகின்றன. போராளிகள் கொன்ற ஆப்பிரிக்கப் பொதுமக்கள் ஏறத்தாழ 1,800 பேர் என்பதையும், 1953 மார்ச் 26 இரவில் லாரி என்ற ஊரில் அரசு ஆதரவாளர்களின் குடும்பங்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அவர்கள் வீட்டோடு எரித்ததையும் சொல்லாமல் விடாதீர்கள். அதற்குப் பழியாக அரசுத் தரப்புப் படைகள் கொன்றவர்கள் அதைவிட மிகுதி. ஒரு பக்கத்தை மறைத்துவிட்டுப் பேசினால், ஹோலா அறிக்கையை எழுதியவருக்கும் நமக்கும் வேறுபாடு இருக்காது.

பிறகு எல்லோரையும் கோட்டைப் பக்கம் அழைத்துப் போங்கள். 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியில் இறந்த ஐரோப்பியர் ஏறத்தாழ 130 பேர்; அவர்களுக்குக் கல்லறையும் கல்வெட்டும் உண்டு. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பின் கொல்லப்பட்ட சிப்பாய்களின் எண்ணிக்கை 350 என்று ஒரு கணக்கிலும், 800க்கு மேல் என்று இன்னொரு கணக்கிலும் இருக்கிறது. மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூண் நாம் பிற்காலத்தில் எழுப்பியது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, 1957 பிப்ரவரி 18 அன்று தூக்கிலிடப்பட்ட மாவ் மாவ் தலைவர் டெடான் கிமாதி, கமிட்டி என்ற இடத்துச் சிறை வளாகத்தில் அடையாளமில்லாத குழியில் புதைக்கப்பட்டதைச் சொன்னால், விளக்கிச் சொல்ல மிச்சம் அதிகம் இருக்காது.

மரபாக எஞ்சியவற்றில் முதலில் தாள்களைப் பேசுங்கள். ஆட்சியை விட்டுப் போகும்போது, லண்டன் அரசுக்குத் தலைகுனிவு உண்டாக்கக்கூடிய எதையும் புதிய அரசிடம் ஒப்படைக்கக்கூடாது என்று 1961இல் ஆணை போனது. பல குடியேற்ற நாடுகளில் கோப்புகள் எரிக்கப்பட்டன, சாம்பலையும் உதிர்த்துவிடச் சொன்னார்கள். ஒரு பகுதி ரகசியமாகக் கப்பலேறியது. இங்கிலாந்தின் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் 37 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8,800 கோப்புகள் இருப்பதை, கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்கின் நெருக்கடியில்தான் 2011இல் அரசு ஒப்புக்கொண்டது. 2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தருவதாக அறிவித்தார். ஏறத்தாழ 40,000 பேர் தொடுத்த இன்னொரு வழக்கு, காலம் கடந்துவிட்டது என்பதால் 2018இல் தள்ளுபடியானது.

நிலத்தை மறந்துவிடாதீர்கள். போராளிகள் முகாமில் இருந்தபோது, 1954இன் ஸ்வின்னர்டன் திட்டத்தின்படி நிலங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டுப் பட்டா வழங்கப்பட்டது. ஊரில் இருந்த அரசு ஆதரவாளர்களே மிகுதியும் பயனடைந்தார்கள். 1963 டிசம்பர் 12 அன்று நாடு விடுதலை பெற்றது. மறப்போம், மன்னிப்போம் என்று அதன் முதல் பிரதமர் ஜோமோ கென்யாட்டா சொன்னார், ஆனால் நிலம் இழந்தவர் பலருக்கு நிலம் திரும்பவில்லை. மாவ் மாவ் மீதான தடை 2003 வரை சட்டப் புத்தகத்தில் கிடந்தது.

கடைசி அரைமணி நேரத்தை முதல் மாலையில் ரேகைச் சட்டம் பற்றிப் பேசிய முதியவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன பேச்சுநடையைத் திருத்தாமல், சொன்னபடியே எழுதுங்கள். தாளில் ஊரின் பெயர், சொன்ன நாள், எழுதியவர் பெயர் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். முடித்ததும் முழுவதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஒரு படியை அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.